பெட்ரோலுக்குக் கேட்ட நூறு ரூபாய்

1. விஜயா மேடத்தின் போன்

போன் வந்தபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்த ஒரு பெரியவர், ஸ்டெபிலைசர் வாங்க வந்த ஒரு கணவன் மனைவி. என் மெக்கானிக் பாபு தரையில் உட்கார்ந்து வாஷிங் மெஷின் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் என் கடை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி சர்வீஸ்.

பேசியது விஜயா மேடம். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விடும் அறைகளைப் பார்த்துக்கொள்பவர். எங்களுக்கு நல்ல கஸ்டமர். அன்று காலை அவர் இடத்துக்கு என்னுடைய இன்னொரு மெக்கானிக் ஏழுமலை போயிருந்தார்.

"சார், உங்க ஆளு வந்து மெஷினைப் பாத்துட்டுப் போனாரு. வேலை சுத்தமா இருக்குது. பெட்ரோலுக்குனு தனியா நூறு ரூபா கேட்டாரு, குடுத்தேன். அது உங்க கடை ரேட்டா, இல்ல..."

நான் அவரை முடிக்க விடவில்லை.

"மேடம், அந்த மாதிரி எங்க கடைல எதுவும் கெடையாது. நான் பாத்துக்கறேன். சாயந்திரத்துக்குள்ள உங்க காசு உங்க கைக்கு வந்துடும். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. கடையில் இருந்தவர்கள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஏழுமலையைக் கூப்பிட்டு உடனே வரச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அப்போதெல்லாம் அவரை ஒருமையில்தான் பேசுவேன்.

"விஜயா மேடம் கிட்ட பெட்ரோல் காசு வாங்கினியா?"

"ஆமாணா."

"யாரைக் கேட்டு வாங்கின? தெனமும் பெட்ரோலுக்குனு நான் குடுக்கறேன் இல்ல? அதை இன்னா பண்ற?"

அவர் பெரியவரைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார்.

"கஸ்டமர் வீட்ல கை நீட்டற பழக்கம் எப்போ வந்துச்சு? இன்னும் எத்தனை வீட்ல வாங்கியிருக்க?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அதற்கு முன்பு பேசியதெல்லாம் முதலாளி திட்டுவது. அந்தக் கேள்வி வேறு.

"ஒரே வீடுதாணா" என்று சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து கவுண்டர் மேல் வைத்தார்.

"என்கிட்ட எதுக்குக் குடுக்கற? நீயே போய் அவங்க கையில குடுத்துட்டு வா."

நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ஸ்டெபிலைசர் வாங்க வந்தவர் தன் மனைவியிடம், "இந்தக் காலத்துல யாரை நம்பறது?" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஏழுமலை வரவில்லை. அதற்கு அடுத்த நாள் டூல் பேக்கை மட்டும் பாபுவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மீட்டர், கேஸ் கேஜ், ஸ்பேனர் செட், எல்லாம் துடைத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தது.

2. இருநூறு ரூபாய் ஸ்டிக்கர்

இப்போது சர்வீஸ் லைனுக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய் மெஷினைத் திறந்து என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வதற்கு வாங்குவது விசிட்டிங் சார்ஜ். மெக்கானிக்கின் நேரம், வண்டி, பெட்ரோல் எல்லாம் அதில் அடக்கம். பார்ட்ஸும் வேலைக் கூலியும் தனி. கடை ஆரம்பித்தபோது விசிட்டிங் சார்ஜ் இருநூறு ரூபாய் என்று வைத்தேன். ஊருக்குள் போனாலும் அதேதான், கீழ்பென்னாத்தூர் போனாலும் அதேதான். அதை ஸ்டிக்கரில் அச்சடித்து, தொட்ட ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டு வந்தோம்.

அப்போது பெட்ரோல் லிட்டர் எழுபது சொச்சம். பிறகு ஏறியது. நூறைத் தாண்டியது. என் ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தடவை முயற்சி செய்தேன். போளூர் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டில் வேலை முடிந்து, "பெட்ரோல் ஏறிடுச்சுங்க, ஒரு அம்பது சேத்துக் குடுங்க" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இன்னாங்க, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். காசையும் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. பிச்சை கேட்டு நின்றவன் மாதிரி வெளியே வந்தேன். அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

கேட்காததை ஒரு பெருமையாகவும் ஆக்கிக்கொண்டேன். போனில் கேட்கிறவர்களிடம், "நம்ம கடைல இன்னும் பழைய ரேட்டுதாங்க" என்று நீட்டி முழக்குவேன். கஸ்டமர்கள் பாராட்டினார்கள். ஆனால் பழைய ரேட்டால் வந்த நஷ்டத்தை நான் என் கையிலிருந்து கொடுக்கவில்லை. மெக்கானிக்குகளுக்குத் தினமும் பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கொடுத்துவந்தேன். அதையும் ஏற்றவில்லை. லிட்டர் எழுபது விற்றபோது அந்த நூறு ரூபாய்க்கு ஒரு நாளை ஓட்டிவிடலாம். பிறகு ஒரு லிட்டர்கூட வரவில்லை.

ஏழுமலை ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார்.

"அண்ணா, பெட்ரோல் ஜாஸ்தியாயிடுச்சுணா."

"எனக்கு மட்டும் கம்மியாவா போடறான்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

3. அவர் போன வழி

ஏழுமலை நின்றுவிட்டதால் அவர் போக வேண்டிய வீடுகளுக்கு நான் போனேன். பாபு ஊருக்குள் பார்த்துக்கொண்டார். பல வருஷமாகக் கடையிலேயே உட்கார்ந்து பழகியவன் நான். வண்டியில் டூல் பேக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது.

முதல் நாள் கீழ்பென்னாத்தூரில் ஒரு ஃபிரிட்ஜ், அங்கிருந்து உள்ளே ஒரு கிராமத்தில் இன்னொன்று. திரும்பி வந்து செங்கம் ரோட்டில் ஒரு ஏசி. ஏழுமலைக்குக் கொடுத்த அதே நூறு ரூபாய்க்குத்தான் காலையில் பெட்ரோல் போட்டிருந்தேன். கிராமத்திலிருந்து திரும்பும்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. பங்க் வரைக்கும் தள்ளினேன். டூல் பேக்கின் கனம் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தது. பங்க்கில் அந்த நூறுக்கு மேல் கைக்காசு போட்டபோது, ஒரு நாளுக்கே இவ்வளவு என்று புரிந்தது. ஏழுமலை எத்தனை மாதமாக இப்படிப் போட்டிருப்பார் என்று கணக்குப் போடப் பார்த்தேன். முடிக்க மனம் வரவில்லை.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரில் ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க வண்டிலயா வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

"ஏழுமலை பஸ்லதான வருவாரு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி அந்தப் பையைத் தோள்ல போட்டுக்கினு நடந்து வருவாரு. வண்டி இன்னா ஆச்சுனு கேட்டா, சர்வீசுக்கு உட்டுருக்கேன்னுவாரு. நானும் கேட்டேன், இன்னாயா உன் வண்டி எப்பப் பாத்தாலும் சர்வீஸ்லயே கீதுனு. சிரிப்பாரு."

கடைக்காரர் எனக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் பெட்ரோல் காசு பற்றி அவரிடம் கேட்டேன், பிறகு போன வீடுகளிலும் கேட்டேன். கிராமத்து வீடுகளில் ஒருவரிடமும் அவர் பெட்ரோல் காசு கேட்டதில்லை. முதலாளி கொடுக்கவில்லை என்றும் சொன்னதில்லை. என் கடையின் பெயரைக் காப்பாற்றத் தன் வண்டியைக் கெட்டுப்போன வண்டி ஆக்கியிருக்கிறார். அவரைத்தான் நான் இன்னும் எத்தனை வீட்டில் வாங்கினாய் என்று கேட்டேன்.

4. செல்வி கேட்டது

ஏழுமலையின் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போக வேண்டும். நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் பாபுவிடம், பெட்ரோலில் அவருக்குக் குறைந்ததைத் தோராயமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஏழுமலை வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று பாபு சொன்னார். அப்படியானால் சமாதானமாகிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

அவர் மனைவி செல்விதான் இருந்தார். "வாங்கணா" என்று நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஏழுமலைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். பால் குளிரூட்டும் இடம் ஒன்றில் மெஷின் பார்த்துக்கொள்கிற வேலை.

"சம்பளம் ஏத்தித் தரேன்மா. பெட்ரோலும் மீட்டர் பாத்து ஓடுனதுக்குத் தகுந்த மாதிரி தரேன். திரும்பி வரச் சொல்லு" என்றேன்.

"காசு வந்துச்சுணா. அதுல ஒண்ணும் இல்ல" என்றார் செல்வி. "அந்த மேடம் இருக்கற தெருவுலதான் என் பொண்ணு டியூசன் போவுது. அவரு கூட்டினு போவ மாட்டேன்றாரு. நான்தான் போறேன். அந்த மேடம் எதிர்ல வந்துட்டா இன்னா பண்றதுன்றாரு."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அவங்ககிட்ட போய்ச் சொன்னீங்களாணா? அவரு திருடலனு?"

சொல்லவில்லை. அதை நினைக்கக்கூட இல்லை. காசைக் கொடுத்துவிட்டோம், சம்பளத்தை ஏற்றுகிறோம் என்று அதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"சொல்றேன்மா" என்று எழுந்தேன்.

5. மேடம் சொல்ல வந்தது

அன்றே போயிருக்க வேண்டும். பல நாள் தள்ளிப் போட்டேன். செங்கம் ரோட்டில் வேலை இருந்தால் பாபுவை அனுப்பினேன். போனிலேயே சொல்லிவிடலாமா என்று நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி வைத்துவிடுவேன். மெக்கானிக்குக்குப் பெட்ரோல் காசு கொடுக்காத முதலாளி நான்தான் என்று ஒரு கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு நாள், யோசிக்காமல் வண்டியை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

விஜயா மேடம் மொட்டை மாடியில் பெட்ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏழுமலை மேல தப்பில்ல மேடம். நான் குடுத்தது பத்தல. அவர் கைக்காசு போட்டு ஓடியிருக்காரு. நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணப்ப நான் அவரை விசாரிக்காமலே..."

"நான் எங்க சார் கம்ப்ளெயின்ட் பண்ணேன்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்த ரூமெல்லாம் ஓனரோடது. அவரு பெங்களூர்ல இருக்காரு. ஒவ்வொரு செலவுக்கும் நான் அவருக்குப் பில்லு காட்டணும். அந்த நூறு ரூபா உங்க ரேட்டா, இல்ல நான் என் கைல இருந்து குடுத்ததா எழுதறதானு கேக்க வந்தேன். உங்க ரேட்டுனா பில்லுல சேத்து அனுப்புங்கனு சொல்ல வந்தேன். பெட்ரோல் விக்கற வெலைல நூறு ரூபா கேக்கறதுல இன்னா தப்பு? நீங்கதான் பேச விடாம வச்சுட்டீங்க."

மேடமே தொடர்ந்தார்.

"அன்னைக்குச் சாயந்திரம் மழை. நனைஞ்சுக்கினு வந்து அந்த நோட்டை நீட்டறாரு. வேணாம்பா, நீயே வச்சுக்கனு எவ்வளவோ சொன்னேன். ஜன்னல்ல வச்சுட்டுப் போயிட்டாரு. ஒரு நூறு ரூபாய்க்கு ஒரு மனுஷனை மழைல அலைய உட்டுட்டேனேனு எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு சார். நான் ஏதோ சொல்லிட்டேன்னு அவர் நெனைச்சிருப்பார் இல்ல?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தார். நினைக்க வைத்தவன் நான். கேட்டால் கஸ்டமர் முகம் சுளிப்பார் என்று நான் பயந்து பயந்து மறைத்த காசை, கொடுக்கத் தயாராக ஒரு கஸ்டமர் போன் செய்திருக்கிறார். எனக்குள் இருந்த கூச்சம் அதைப் புகார் என்று கேட்டுவிட்டது.

6. புது ரேட்

அந்த வாரமே ரேட்டை மாற்றினேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசிட்டிங் சார்ஜையும் பெட்ரோலையும் பிரித்தேன். விசிட்டிங் சார்ஜ் மெக்கானிக்கின் நேரத்துக்கும் வேலைக்கும். அது வருஷத்துக்கு ஒரு முறைதான் மாறும். பெட்ரோல் காசு தூரத்துக்கு. ஊருக்குள் கிடையாது. ஆசிரமம் பக்கமும் அடி அண்ணாமலையும் ஒரு ரேட், கீழ்பென்னாத்தூர் மாதிரி தொலைவுக்கு ஒரு ரேட். மாதம் பிறந்ததும் பங்க் விலையைப் பார்த்து அதை மட்டும் திருத்துவேன். ஏறினால் ஏற்றுவேன், இறங்கினால் இறக்குவேன். ஒரே நாளில் ஒரே பக்கம் ரெண்டு வீட்டுக்குப் போனால் அந்தக் காசை ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுவிடுவேன். இதையெல்லாம் ஆள் அனுப்பும் முன்பே போனில் சொல்லிவிடுவேன். மெக்கானிக் போய் நின்று கேட்கிற நிலைமை இருக்கக் கூடாது. ரேட் சொல்லிக் கெட்ட பேர் வாங்குவது முதலாளி வேலை. பாபுவுக்கு இப்போது மீட்டர் ஓடியதற்குத்தான் பெட்ரோல்.

சில கஸ்டமர்கள் விலகிப் போனார்கள். "நீங்களுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. ஒரு போன் பேச்சில் முடிகிற விஷயத்துக்காக ஒரு மனிதரை இழந்திருக்கிறேன்.

7. பௌர்ணமி அன்று

ரேட்டை மாற்றிய பிறகு வந்த ஒரு பௌர்ணமி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் ஜூஸ் கடை வைத்திருக்கும் அம்மா போன் செய்தார். ஃபிரீசர் நின்றுவிட்டது. சாயந்திரம் கூட்டம் வந்துவிடும், ஐஸ் கரைகிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார். வழக்கம்போல விசிட்டிங் சார்ஜ் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் பௌர்ணமிக்கு அந்தப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். செங்கம் ரோட்டிலேயே வண்டியைப் போட்டுவிட்டு, டூல் பேக்கைத் தோளில் மாட்டி, கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன்.

ஸ்டார்ட்டிங் ரிலே போயிருந்தது. மாற்றினேன். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் அந்த அம்மா காசை எண்ணிக்கொண்டே கேட்டார்: "அண்ணா, நடந்துதான வந்தீங்க? அப்புறம் பெட்ரோல் எதுக்கு?"

ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முகம் சுருங்கியது. பாதி தூரமாவது வண்டியில்தான் வந்தேன் என்று வாதாடியிருக்கலாம்.

"அது நியாயம்தான்மா. பாதி எடுத்துக்கறேன்" என்றேன்.

"சரி, பாதி குடுக்கறேன்" என்று கொடுத்தார். அவ்வளவுதான். கேட்டார், சொன்னேன், முடிந்தது.

பையை மூடும்போது பின்னால் குரல் கேட்டது. "கெப்பாசிட்டரையும் செக் பண்ணிட்டீங்களாணா?"

ஏழுமலை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, நெற்றியில் விபூதியோடு நின்றிருந்தார். பார்த்தும் பார்க்காமல் போயிருக்கலாம். நின்றார்.

"பாத்துட்டேன்" என்றேன். பிறகு, என் கடையில் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அவ்வளவு சத்தமாக இங்கேயும் பேச வேண்டும் என்று தோன்றியது. ஜூஸ் கடை அம்மாவும் நின்றிருந்தவர்களும் கேட்கவே சொன்னேன்.

"ஏழுமலை, நான் உங்களைக் கேட்டது தப்பு. நீங்க கைக்காசு போட்டு என் கடையை ஓட்டியிருக்கீங்க. விஜயா மேடத்தைப் போய்ப் பாத்தேன். அவங்க உங்களைப் பத்திக் கொறையே சொல்லல. பில்லுல சேக்கச் சொல்லித்தான் போன் பண்ணியிருக்காங்க. நான்தான் காது குடுத்துக் கேக்கல."

முதல் முறையாக அவரை "நீங்க" என்று பேசினேன். அவர் அதைக் கவனித்தாரா, தெரியவில்லை. மகளின் தலையைத் தடவினார்.

"அவங்களை விசாரிச்சீங்க, சரி" என்றார். "அதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணா. தனியாக் கூப்ட்டு, ஏன்டா வாங்கினனு. சொல்லியிருப்பேன்."

"ஆமா."

"சரிணா. பொண்ணு நிக்குது, கெளம்பறேன்."

கூட்டத்தில் கலந்து போய்விட்டார். திரும்பி வேலைக்கு வரவில்லை. இனி வர மாட்டார். நானும் கூப்பிடவில்லை. செல்வியை ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தேன். டியூசனுக்கு இப்போது அவரே மகளைக் கூட்டிப் போகிறாராம். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

காசு கேட்கிற கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் போனில் பெட்ரோல் ரேட் சொல்லும்போது என் குரல் தானாக இறங்கும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கஸ்டமரிடம் கேட்காமல் விட்ட காசு எங்கேயும் மறைந்துபோவதில்லை. நம்மிடம் வேலை செய்கிற யாரோ ஒருவர், நமக்குத் தெரியாமல், பஸ்ஸில் இறங்கி நடந்து அதைக் கட்டிக்கொண்டிருப்பார்.